நூலகச் சாவி – ஒரு தாயின் கடிதம்

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். ஃப்ளோரிடாவில் டாம்பா நகருக்கு அருகே பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறோம். மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் ஐந்தாம் வகுப்பு. இருவரும் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

சென்ற மாதம் எங்கள் தமிழ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படிவம் வந்தது. மகனுடைய பள்ளி நூலகத்தில் உள்ள ஒரு நாவலை எடுத்துவிடச் சொல்லும் ஆட்சேபப் படிவம். கூடவே அந்த நாவலின் இரண்டு பக்கங்களைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. குழுவில் பெரும்பாலோர் கையெழுத்திட்டுவிட்டார்கள். நான் இன்னும் இடவில்லை. “உன் பிள்ளை இதைப் படித்தால் உனக்குப் பரவாயில்லையா?” என்று கேட்கிறார்கள்.

மகள் விஷயம் வேறு. புதிய சட்டத்துக்குப் பிறகு இங்கே ஆறாம் வகுப்புக்கு முன் பாலியல் கல்வி கிடையாது. என் கணவருக்கு அதில் நிம்மதி, எனக்கும்தான். நாமெல்லாம் ஊரில் இது எதுவும் இல்லாமல்தானே வளர்ந்தோம்?

எழுதுகிறவர்கள் எப்போதும் புத்தகத்தின் பக்கமே நிற்கிறீர்கள். பெற்றோரின் பயத்தை ஏன் யாரும் மதிப்பதில்லை?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கை நடுங்கியதை நம்புகிறேன். அதைப் பத்தாம்பசலித்தனம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அன்னிய மண்ணில் பிள்ளை வளர்க்கும் ஒரு தாய், தனக்குத் தெரியாத ஒரு மேசையில் தன் பிள்ளைக்கு என்ன பரிமாறுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கத்தான் செய்வாள். பார்க்கவும் வேண்டும்.

அதனால் முதலில் பெற்றோர் பக்கம் நியாயம் இருந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். மேரிலாந்து மாநிலத்தின் மாண்ட்கோமரி மாவட்டத்தில் 2022இல் தொடக்கப்பள்ளி மொழிப்பாடத்தில் சில படக்கதைகளைச் சேர்த்தார்கள். தன்பால் ஈர்ப்பு கொண்டவர்களும் திருநர்களும் வரும் கதைகள். விரும்பாத பெற்றோர் பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளலாம் என்று முதலில் அனுமதித்த கல்வி வாரியம், 2023 மார்ச்சில் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. அந்த மாநிலத்தில் பாலியல் கல்வி வகுப்பிலிருந்து விலகப் பெற்றோருக்கு உரிமை உண்டு. இவை மொழிப்பாடத்தில் வந்ததால் அந்த உரிமை இங்கே பொருந்தாது என்றார்கள். முஸ்லிம் பெற்றோரும் கிறிஸ்தவப் பெற்றோரும் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவர்கள் பக்கம் நின்றது: வழக்கு முடியும்வரை, அந்தக் கதைகளைப் படிக்கும் நாளை முன்கூட்டியே தெரிவித்து, விரும்பினால் விலக்கு அளிக்க வேண்டும்.

அந்தக் கதைகளில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டு அம்மாக்கள் வளர்க்கும் குழந்தை அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதன் வீடும் ஒரு வீடுதான். ஆனால் ஆறு வயதுக் குழந்தையால் வகுப்பிலிருந்து எழுந்து போக முடியாது. கட்டாயமாக உட்கார வைத்துச் சொல்லித்தரும் ஒன்றைப் பெற்றோருக்குத் தெரிவிக்க மாட்டோம் என்று ஒரு வாரியம் சொன்னது தவறு. தீர்ப்போடு உடன்படாத நீதிபதி சோட்டோமேயர், பள்ளிகள் வம்பு எதற்கு என்று நூல்களையே கைவிட்டுவிடும் என எச்சரித்தார். அந்த அச்சம் எனக்கும் உண்டு. இருந்தும் பெற்றோரிடம் மறைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

உங்கள் கையில் இருக்கும் படிவம் இந்த வகையைச் சேர்ந்ததன்று. அந்த நாவலை யாரும் உங்கள் மகனுக்குப் பாடமாக வைக்கவில்லை. அது நூலக அலமாரியில் இருக்கிறது. கை நீட்டி எடுத்தால்தான் உண்டு. படிவம் கேட்பது “என் மகனுக்குக் கொடுக்காதீர்கள்” என்று அன்று, “யாருக்கும் கொடுக்காதீர்கள்” என்று.

இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை நான் ஒரு பீரோ முன்னால் நின்று கற்றுக்கொண்டேன். பணியில் இருந்த காலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நூலகப் பொறுப்பு என்னிடம் இருந்தது. நூலகம் என்றால் தலைமையாசிரியர் அறையை ஒட்டி இரண்டு இரும்பு பீரோக்கள், ஒரு சாவிக்கொத்து, ஒரு பதிவேடு. அதில் ஒரு பெண் மருத்துவர் வளரிளம் பெண்களுக்காக எழுதிய மெல்லிய நூல் ஒன்று இருந்தது. ஒரு நாள் ஒரு மாணவியின் அப்பா மஞ்சள் பையில் அந்த நூலை வைத்துக்கொண்டு வந்தார். கோபமாகத்தான் வந்தார். அரை மணி நேரம் பேசினோம். “இதை என் மகளுக்கு இனிமேல் கொடுக்காதீர்கள் டீச்சர்” என்றார். சரி என்றேன். பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் குறித்துக்கொண்டேன். அவர் நன்றி சொல்லிப் போனார். அவர் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

பத்து நாள் கழித்து இன்னொருவர் வந்தார். அவருக்கு எங்கள் பள்ளியில் பிள்ளைகள் யாரும் இல்லை. ஊரில் செல்வாக்கு இருந்தது. அந்த நூல் பள்ளியிலேயே இருக்கக் கூடாது என்றார். மறுநாள் தலைமையாசிரியர் கேட்க, நான் எடுத்துக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் ஒருமுறை புரட்டினேன். அட்டை தேய்ந்திருந்தது. மற்றப் பக்கங்கள் வெள்ளையாக இருக்க, மாதவிலக்கு பற்றிய அத்தியாயத்தில் மட்டும் ஓரமெல்லாம் விரல் அழுக்கு. எத்தனை பெண்கள் அந்த ஐந்தாறு பக்கங்களைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த நூலை எடுத்துக் கொடுத்ததற்காக இன்றும் வருந்துகிறேன்.

உங்கள் மாநிலத்தில் நடந்தது இதன் பெருக்கம்தான். 2023இல் ஆளுநர் டிசாண்டிஸ் கையெழுத்திட்ட சட்டப்படி, பாலுறவை விவரிக்கிறது என்று ஒரு நூலின் மீது ஆட்சேபம் வந்தால் ஐந்து பள்ளி நாட்களுக்குள் அதை எடுத்துவிட வேண்டும். விசாரணை பிறகுதான். ஆட்சேபிக்கப் பெற்றோராக இருக்க வேண்டியதில்லை, அந்த மாவட்டவாசியாக இருந்தால் போதும். எஸ்காம்பியா மாவட்டத்தில் 1,600க்கும் மேற்பட்ட நூல்களைப் பரிசீலனைக்கென்று அலமாரியிலிருந்து இறக்கினார்கள். அவற்றுள் அகராதிகள் இருந்தன. பாலுறவு என்ற சொல்லுக்குப் பொருள் தருகிறதே, அதனால். யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் பற்றிய நூலும் இருந்தது. மனாட்டி மாவட்டத்தில், 2022இல் வந்த முந்தைய சட்டத்துக்குப் பயந்து, ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறைப் புத்தக அடுக்குகளைக் காகிதம் ஒட்டி மூடினார்கள். தகாத நூல் என்று தீர்ப்பானால் ஐந்து ஆண்டு சிறை வரை போகலாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. சொந்தக் காசில் வாங்கிச் சேர்த்த கதைப்புத்தகங்கள் மீது ஓர் ஆசிரியை தாள் ஒட்டிக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பிறகு அவர்களே கொஞ்சம் இறங்கி வந்தார்கள். பள்ளியில் பிள்ளை இல்லாதவர் மாதம் ஒரு ஆட்சேபம்தான் தரலாம் என்று 2024இல் திருத்தினார்கள். 2025 ஆகஸ்டில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, பாலுறவை ‘விவரிக்கும்’ நூல் என்ற பிரிவு எல்லை மீறியது என்று தீர்ப்பளித்தார்.

அந்த இரண்டு பக்கங்களுக்கு வருகிறேன். உங்கள் நண்பர்களில் எத்தனை பேர் நாவலை முழுதாகப் படித்தார்கள்? பட்டியலை வைத்துக்கொண்டு புத்தகத்தைத் தேடுவது அங்கே பழைய வழக்கம். 1975இல் நியூயார்க்கின் ஐலண்ட் ட்ரீஸ் கல்வி வாரிய உறுப்பினர்கள் ஒரு மாநாட்டுக்குப் போய்த் ‘தகாத’ நூல்களின் பட்டியலோடு திரும்பினார்கள். நவம்பர் மாதத்து இரவொன்றில், பள்ளி ஊழியரைக் கதவு திறக்கச் சொல்லி நூலகத்துக்குள் போய், நூல் பெயர்கள் எழுதிய அட்டவணை அட்டைகளில் அந்தப் பெயர்களைத் தேடினார்கள். ஒன்பது கிடைத்தன. அவற்றை எடுக்கச் சொன்னதை எதிர்த்து மாணவர்கள் போட்ட வழக்கு 1982இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகப் பள்ளி நூலகத்திலிருந்து நூலை நீக்க முடியாது என்று எழுதிய நீதிபதி பிரென்னன், வகுப்பறையின் கட்டாயத்தையும் நூலகத்தின் விருப்பத்தேர்வையும் அன்றே பிரித்துக் காட்டினார். அவர் கருத்துக்குப் பெரும்பான்மை முழுதாகக் கிடைக்கவில்லை. டெக்சாஸ் உள்ளிட்ட மூன்று மாநிலங்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மே மாதம், பொது நூலகம் ஒரு நூலை எடுத்துவிட்டால் வாசகர் அதைக் கேள்வி கேட்க முடியாது என்றே சொல்லிவிட்டது. எந்த நூல் இருக்கலாம் என்பது அரசின் சொந்தப் பேச்சு என்றும் அதன் நீதிபதிகளில் ஒரு சாரார் எழுதினார்கள். நாளை வேறு கட்சி ஆட்சிக்கு வந்து வேறு நூல்களை எடுத்தாலும் இதே தீர்ப்பு அவர்களுக்கும் துணை நிற்கும். இன்று கைதட்டுகிறவர்கள் அதை யோசிக்க வேண்டும்.

நம்மிடமே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 2016இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை திருக்குறளின் அறத்துப்பால், பொருட்பால் 108 அதிகாரங்களையும் கற்பிக்கச் சொன்னது. காமத்துப்பாலின் 25 அதிகாரங்கள் அந்த உத்தரவில் இல்லை. வகுப்பில் கட்டாயமாக நடத்தும் விஷயத்தில் அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் எந்தப் பள்ளி நூலகத்திலாவது கடைசி 25 அதிகாரங்களைக் கிழித்துவிட்டுக் குறளை அடுக்கியிருக்கிறார்களா? உங்கள் ஊர்க் கோயிலில் மார்கழியில் குழந்தைகள் திருப்பாவை பாடுவார்கள். அதே ஆண்டாள் காதல் வேட்கையைப் பாடிய நாச்சியார் திருமொழியிலிருந்து நான்கு பாட்டை மட்டும் மொழிபெயர்த்து, உங்கள் மாவட்டக் கல்வி வாரியக் கூட்டத்தில் ஒலிபெருக்கி முன் ஒருவர் படித்தால் என்ன ஆகும்? தகாதது என்று நிறுத்துவார்கள். வாசிக்கவிடாமல் நிறுத்தினால் அந்த நூலையே பள்ளியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றும் அந்த 2023 சட்டத்திலேயே இருக்கிறது. ஆண்டாளை இரண்டு பக்கத்தில் எடை போட உங்களுக்கு மனம் வருமா? உங்கள் மகனின் நூலகத்திலுள்ள நாவலுக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள். முழுதாகப் படித்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் மகனுக்கு வேண்டாம் என்று நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகக் கையெழுத்திடாதீர்கள்.

இனி மகள். உங்கள் கடிதத்தில் என்னை உறங்கவிடாதது அந்தப் பத்திதான்.

நூல்களை எடுக்கச் சொன்ன அந்த 2023 சட்டம்தான் பாலியல் கல்வியையும் ஆறாம் வகுப்புக்குத் தள்ளியது. அது மசோதாவாக 2023 மார்ச்சில் ஃப்ளோரிடா சட்டமன்றக் குழுவில் விவாதத்துக்கு வந்தபோது, முன்னாள் ஆசிரியையான ஆஷ்லி கான்ட் என்ற உறுப்பினர் ஒரு கேள்வி கேட்டார். நான்காம், ஐந்தாம் வகுப்பில் மாதவிலக்கு வரும் சிறுமி அதைப் பற்றிப் பள்ளியில் பேசுவதையும் இது தடுக்குமா? மசோதாவைக் கொண்டுவந்த ஸ்டான் மெக்லேன் தடுக்கும் என்றார். பிறகு அது தன் நோக்கமில்லை என்று விளக்கினார். ஆனால் அந்த முதல் பதில் யோசிக்காமல் வந்தது. அப்படியொரு சிறுமி அவர் நினைவிலேயே இல்லை. உங்கள் வீட்டில் அப்படியொரு சிறுமி இருக்கிறாள்.

நாமெல்லாம் எதுவும் இல்லாமல் வளர்ந்தோமே என்கிறீர்கள். எப்படி வளர்ந்தோம்? பத்தாம் வகுப்பில் இனப்பெருக்க மண்டலப் பாடம் வந்ததும் “இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போனார். வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. பூப்பெய்தியபோது பந்தல் போட்டார்கள், சீர் வைத்தார்கள், உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார்கள், பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிட்டார்கள். உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. எனக்குக் காயம் பட்டிருக்கிறது என்றுதான் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தொட வேண்டாத இடத்தில் ஓர் உறவினர் தொட்டபோது, அதைச் சொல்ல என் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் சொல்லே இருக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள்.

இந்தியாவில் இந்த மௌனத்துக்குக் கட்சி பேதமும் கிடையாது. வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தபோது, 2007இல் காங்கிரஸ் கூட்டணி ஆண்ட மகாராஷ்டிரமும் தடுத்தது, பாஜக ஆண்ட மத்தியப் பிரதேசமும் தடுத்தது. பாலியல் கல்வி நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்ற மனுவை விசாரித்த மாநிலங்களவைக் குழு, 2009இல் வெங்கய்ய நாயுடு தலைமையில், பள்ளிகளில் அது கூடாது என்று பரிந்துரைத்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்க அதே நாடாளுமன்றம் போக்சோ சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

பள்ளி சொல்லாது என்று தெரிந்துவிட்டதால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்த வாரமே சொல்லுங்கள். காரில் போகும்போது சொல்லலாம், முகம் பார்க்காமல் பேசுவது முதல் முறை இருவருக்கும் எளிது. உறுப்புகளின் பெயரைப் பெயராகவே சொல்லுங்கள். தமிழில் கூச்சமாக இருந்தால் ஆங்கிலத்தில் சொல்லுங்கள், தவறில்லை. அவள் பள்ளிப் பையின் உள்ளறையில் இரண்டு நாப்கினும் ஒரு மாற்று உள்ளாடையும் வைத்து, எதற்கு என்று காட்டிக் கொடுங்கள். உங்கள் கணவரும் அப்போது வீட்டில் இருக்கட்டும். மகன் காதிலும் விழட்டும்.

நீங்கள் குறிப்பிட்ட நாவலை வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன். இங்கே வந்து சேர இரண்டு வாரம் ஆகுமாம். எனக்கு முன் நீங்கள் படித்து முடித்தால் எழுதுங்கள்.

அன்புடன்.