தானோஸின் கைக்கவசம்: 'முதல் தோற்றம்' என்று விற்கப்படும் இதழை வாங்கலாமா?

கேள்வி: என் மகன் மார்வெல் காமிக்ஸில் வரும் வில்லன் தானோஸின் கதைகளைத் தீவிரமாகப் படிப்பவன். காமிக்ஸ் கண்காட்சி ஒன்றில் ஒரு வியாபாரி 'இன்ஃபினிட்டி காண்ட்லெட்' முதல் இதழைக் காட்டி, சர்வ வல்லமை தரும் அந்தக் கைக்கவசம் முதன்முதலில் தோன்றியது இதில்தான் என்றும், அட்டையில் இருப்பது ஓவியர் ஜார்ஜ் பெரெஸின் கையெழுத்து என்றும் சொல்லி 600 டாலர் கேட்கிறார். சான்றிதழும் தருவாராம். பிறந்தநாள் பரிசாக வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அவர் சொன்ன இரண்டில் முதலாவது தவறு, இரண்டாவது உங்களால் சரிபார்க்க முடியாதது.

சேகரிப்பாளர்கள் கைக்கவசத்தின் முதல் தோற்றமாகக் கொள்வது 1990 டிசம்பர் தேதியிட்ட 'சில்வர் சர்ஃபர்' 44ஆம் இதழை. அதற்குச் சற்று முன் வந்த 'தானோஸ் குவெஸ்ட்' என்ற இரண்டு இதழ்களில்தான், கைக்கவசத்துக்குச் சக்தி தரும் ஆறு மணிக்கற்களையும் அவற்றை வைத்திருந்தவர்களிடமிருந்து தானோஸ் ஒவ்வொன்றாகப் பறிக்கிறான். உங்களுக்குக் காட்டப்பட்டது 1991 ஜூலை தேதியிட்டது. அதன் பெருமை வேறு: விரலைச் சொடுக்கிப் பிரபஞ்சத்தின் பாதி உயிர்களைத் தானோஸ் மறையச் செய்வது அதில்தான், 2018இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' திரைப்படத்துக்குப் பிறகு பலர் அதைத் தேடுவதும் அதனால்தான். அந்தப் பெருமையை மட்டும் சொல்லி விற்றிருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்தச் சந்தையில் 'முதல்' என்ற முத்திரையைக் குத்துவதற்கு யாரும் யாரிடமும் அனுமதி பெறத் தேவையில்லை என்பதே பெரிய தொல்லை. மணிகளில் ஒன்று 1972இலேயே 'மார்வெல் பிரீமியர்' முதல் இதழில் ஆடம் வார்லாக் என்ற நாயகனின் நெற்றியில் இருந்தது. ஆகவே அதையும் கைக்கவசத்தின் தொடக்கம் என்று விற்கிறார்கள். ஒரே பாத்திரத்துக்கோ பொருளுக்கோ நிழல்போல் வந்த தோற்றம், ஒரு பக்கத் தோற்றம், முழுத் தோற்றம் என்று மூன்று 'முதல்'கள் உண்டாக்கப்பட்டு மூன்றுக்கும் தனித்தனி விலை வைக்கப்படுகிறது. எது சரி என்று வாசகருக்குச் சொல்லும் பொறுப்பைப் பதிப்பகமும் ஏற்பதில்லை, விலைப் பட்டியல் போடுபவர்களும் ஏற்பதில்லை.

அரிய இதழ் என்றும் சொல்லியிருப்பார். 1991 என்பது காமிக்ஸை முதலீடாக எண்ணிப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கிய காலம். அதே ஆண்டு வந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 'இன்ஃபினிட்டி காண்ட்லெட்' அந்த அளவை எட்டவில்லை என்றாலும், 2.50 டாலருக்கு வாங்கி நெகிழி உறையில் போட்டு வைத்தவர்கள் ஏராளம், நல்ல நிலையிலுள்ள பிரதிகள் இன்றும் எளிதில் கிடைக்கின்றன. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கதையில் ஆன்ம மணி பச்சை, கால மணி ஆரஞ்சு, திரைப்படத்தில் ஆன்ம மணி ஆரஞ்சு, கால மணி பச்சை. நிறம் மாறியிருக்கிறது, ஆகவே இது அரிய அச்சுப்பிழை என்று யாராவது விலையேற்றினால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

இனிக் கையெழுத்து. பெரெஸ் 2022இல் காலமானார். இனி அவர் எதிலும் கையெழுத்திட முடியாது என்பதால் போலிகளுக்கு நல்ல காலம். வியாபாரியே அச்சடித்துத் தரும் சான்றிதழ் வெறும் காகிதம்தான். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பொறுமையாகப் படியுங்கள். தர மதிப்பீடு செய்யும் சி.ஜி.சி. நிறுவனத்தின் ஆள் நேரில் பார்த்திருக்க இடப்பட்ட கையெழுத்து என்றால், இதழ் கெட்டியான நெகிழிப் பெட்டிக்குள் மூடப்பட்டு, மேலே மஞ்சள் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். சீட்டில் கையெழுத்திட்டவர் பெயர் அச்சாகியிருக்க வேண்டும். சீட்டிலுள்ள எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே, உங்கள் கைப்பேசியிலேயே, இட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வரும் தலைப்பும் இதழ் எண்ணும் தர எண்ணும் பெட்டிக்குள் இருப்பதோடு பொருந்த வேண்டும். பெட்டியின் ஓரங்களில் நெம்பித் திறந்த தடம் இருக்கக் கூடாது. நீலச் சீட்டு என்றால், அட்டையில் யார் பெயர் எழுதியிருந்தாலும் சரி, அதை நேரில் கண்டதாக நிறுவனம் உறுதி சொல்லவில்லை என்று பொருள். வியாபாரி தன் கைப்பேசியில் காட்டும் பக்கத்தை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்.

அந்தப் பெட்டியையும் நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கவில்லை. பத்துக்கு 9.6 என்ற தர எண்ணுக்கும் 9.8க்கும் உள்ள வேறுபாடு சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது, விலையில் மட்டும் பளிச்சென்று தெரியும். பணம் கொடுத்து வாங்கிய இதழைத் திறந்து படிக்கவும் வழியில்லை; ஒரு சிறுவனுக்கு அது என்ன பரிசு என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே கையெழுத்தில்லாத, பெட்டிக்குள் அடைக்காத ஆறு இதழ்களையும் ஒரே தொகுப்பாகக் கேளுங்கள். ஜிம் ஸ்டார்லின் எழுத்தில், முதல் மூன்றும் நான்காவதின் ஒரு பகுதியும் பெரெஸ் வரைந்தவை, மீதி ரான் லிம் வரைந்தவை. உறையிலிருந்து எடுத்துப் புரட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். நடுப்பக்கம் கம்பியிலிருந்து கழன்றிருக்கிறதா, முதுகில் வெள்ளைக் கோடுகள் விழுந்திருக்கின்றனவா, உள்ளே சிறிய எழுத்தில் உள்ள பதிப்புக் குறிப்பில் 1991 என்ற ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் மறுபதிப்பைப் பழையதென்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. பணம் மிஞ்சினால் 'தானோஸ் குவெஸ்ட்' இரண்டு இதழ்களையும் சேர்த்து வாங்கி, அவற்றை முதலில் படிக்கக் கொடுங்கள்.