வாசகர் கேள்விகள்: ஏரிச் சேற்றில் பதிந்த பஞ்சம்

மத்திய அமெரிக்காவின் பழைய மாயா நகரங்கள் பஞ்சத்தால் அழிந்தன என்று படித்தேன். ஆயிரம் வருடத்துக்கு முன் மழை பொய்த்ததை ஏரிச் சேற்றிலிருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
– ஆசிரியை, தூத்துக்குடி

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். உப்பளப் பாத்தியில் கடல்நீர் சுண்டச் சுண்ட, உப்பு விளைவதற்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடும் இல்லையா? மெக்சிகோவின் யுகடான் பகுதியில் இருக்கும் சிச்சன்கனாப் ஏரியிலும் அதே வேதியியல்தான். அந்த நீரில் கால்சியமும் சல்ஃபேட்டும் ஏறக்குறைய கரையும் எல்லையிலேயே இருக்கின்றன. மழை குறைந்து ஏரி வற்றத் தொடங்கினால் ஜிப்சம் அடியில் இறங்கும். மழை திரும்பினால் வழக்கமான சேறு அதை மூடும். ஹோடெல், கர்ட்டிஸ், பிரென்னர் மூவரும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில் கி.பி. 800 முதல் 1000 வரையிலான சேற்றில் ஜிப்சம் அதிகமாக இருந்தது. தெற்கு மாயா நகரங்களில் தேதி பொறித்த கற்களை நடுவது நின்றுபோனதும் அந்தக் காலத்தில்தான்.

ஒரு சாட்சி மட்டும் போதாது. ஏரி ஆவியாகும்போது எடை குறைந்த ஆக்சிஜன் கொண்ட நீர் முந்திக்கொண்டு போய்விடும். எடை கூடிய ஆக்சிஜன்-18 பின்தங்கும். அந்த நீரில் வாழ்ந்த நத்தைகளின் ஓட்டில் இந்தக் கணக்கு பதிவாகிவிடுகிறது. ஜிப்சமும் நத்தை ஓடும் ஒரே கதையைச் சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

அப்புறம், 2018-ல் இவான்ஸ் குழுவினர் செய்தது ஏரிச் சேற்றோடு வேலை செய்யும் என் போன்றவர்களைச் சிலிர்க்க வைத்தது. ஜிப்சம் படிகம் உருவாகும்போது சுற்றியிருக்கும் நீரையும் தனக்குள் கட்டிக்கொள்ளும். பஞ்ச காலத்தில் அப்படிச் சிக்கிய ஏரி நீரையே பிரித்தெடுத்து அளந்தார்கள். ஆண்டு மழை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. மிக மோசமான கட்டத்தில் 70 சதவீதம் வரை குறைவு.

கதிரியக்கக் கார்பன் தேய்ந்திருப்பதை வைத்து வயதைக் கணிப்பதில் ஒரு பொறி உண்டு. அது சுண்ணாம்புப் பாறை நிலம். பாறையிலிருந்து கரைந்த பழைய கார்பன் நத்தை ஓட்டில் சேர்ந்து, ஓட்டை உண்மையைவிட வயதானதாகக் காட்டும். அதனால் கரையிலிருந்து விழுந்த விதை, மரத்துண்டு போன்றவற்றைத் தேடிப் பிடித்துத்தான் தேதியிட வேண்டும்.

மாயா மக்கள் காட்டை அழித்ததும் ஒரு காரணம் என்கிறார்களே, அதுவும் சேற்றில் தெரியுமா?
– கல்லூரி மாணவர், திருச்சி

நன்றாகவே தெரியும். குவாத்தமாலாவின் பெத்தேன் பகுதி ஏரிகளின் அடியில் 'மாயா களிமண்' என்றே பெயர் பெற்ற ஓர் அடுக்கு இருக்கிறது. சல்பெத்தேன் ஏரியில் அது 7 மீட்டர் வரை கனம். காடு வெட்டிய சரிவுகளிலிருந்து மழை அடித்துவந்த மண் அது. இதில் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்று: மக்கள்தொகை உச்சத்தில் இருந்தபோது அல்ல, அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு, குறைவான பேர் இருந்தபோதுதான் அரிப்பு அதிகம். எளிதில் கரையும் மேல்மண் முதல் வெட்டிலேயே போயிருக்கலாம். அவர்கள் இடத்தைக் காலி செய்த பிறகு காடு திரும்ப, களிமண்ணின் மேல் கரிமப்பொருள் நிறைந்த சேறு படிந்திருக்கிறது.

திக்கால் என்ற மாயா நகரத்து நீர்த்தேக்கங்களின் சேறு இன்னொரு விஷயம் சொன்னது. அரண்மனை, கோயில் பக்கத்துக் குளங்களில் பாதரசம் ஏராளம் என்று ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்டார்கள். நம் சித்த மருத்துவத்தில் சாதிலிங்கம் என்கிறோமே, பாதரசம் அடங்கிய அந்தச் சிவப்புக் கனிமத்தைத்தான் மாயா மக்கள் சுவர்களுக்கும் சடங்குகளுக்கும் பயன்படுத்தினார்கள். மழை அடித்துக்கொண்டுவந்து குடிநீரில் இறக்கியிருக்கிறது. அதோடு நச்சு நீலப்பச்சைப் பாசியின் மரபணுத் தடயமும் கிடைத்தது.

அதனால் "பஞ்சம் மாயாவை அழித்தது" என்று ஒரே வரியில் எழுதுவது எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை. தெற்கு நகரங்கள் காலியானபோது வடக்கே சிச்சேன் இட்சா என்ற மாயா நகரம் ஓங்கி நின்றது. மாயா மொழிகள் பேசும் மக்கள் இன்றும் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கண்மாய்ச் சேற்றிலும் இப்படிப் பார்க்கலாமா?
– விவசாயி, சிவகங்கை

பழைய மழையைப் பார்ப்பது கஷ்டம். கோடையில் கண்மாய் காய்ந்து வெடிக்கும், மாடு மிதிக்கும், தூர்வாருவார்கள், அடுக்குகள் கலைந்துவிடும். கலையாமல் கிடக்கும் படிவுக்கு நீலகிரிக்குப் போக வேண்டும். சாண்டிநல்லாவின் சதுப்புப் படிவில் கார்பன் ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட கார்பன் அணுக்களை) அளந்து, புல் ஓங்கிய காலம் எது, மரம் ஓங்கிய காலம் எது என்று சுமார் 20,000 ஆண்டுகளுக்குப் பின்னால் வரை சுகுமார் குழுவினர் 1993-லேயே பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் கண்மாய் வண்டலில் இன்றைய மாசு கட்டாயம் தெரியும். வரத்துக்கால் வழியில் தோல் பதனிடும் ஆலையோ சாயப்பட்டறையோ இருந்தால், வண்டலை வயலில் கொட்டுவதற்கு முன் குரோமியம், ஈயம் இரண்டையும் பரிசோதிக்கக் கொடுங்கள். மேலோட்டமாக அள்ளாமல் ஓர் அடி ஆழத்திலிருந்தும் தனியாக ஒரு மாதிரி எடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் அது அண்மையில் வந்த மாசா என்று ஓரளவு ஊகிக்க முடியும்.