பைக்கில் எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் இருந்தால் ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரியுமா?

தெரியும், ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. பிஎம்டபிள்யூ 2004இல் கே1200எஸ் பைக்கில் கொடுத்த இஎஸ்ஏ (எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் அட்ஜஸ்ட்மென்ட்) வெறும் பட்டன் வசதிதான். ஸ்பேனர் பிடித்துத் திருக வேண்டியதைச் சின்ன மோட்டார் செய்தது. ஓடும்போது அதுவாக எதையும் மாற்றாது. 2013 டுகாட்டி மல்டிஸ்ட்ராடா 1200 எஸ்ஸில் வந்த ஸ்கைஹூக் வேறு ரகம். சென்சார்கள் அசைவை அளக்க, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் டேம்பரில் எண்ணெய் போகும் வால்வை மில்லி விநாடிகளில் கம்ப்யூட்டர் இறுக்கும், தளர்த்தும்.

இப்படித் தானாக மாறும் சஸ்பென்ஷனில், பிரேக்கை அழுத்தும்போது முன்பக்கம் குப்புற முங்காது. அதே ஃபோர்க் (முன்சக்கர சஸ்பென்ஷன்) அடுத்த நொடியே பள்ளத்தை மெத்தென்று வாங்கிக்கொள்ளும். சாதாரண சஸ்பென்ஷனில் இரண்டில் ஒன்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். அப்புறம், பின்னால் ஆளும் பெட்டியும் ஏறினால் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் மரக்கிளையைப் பார்க்கும். பட்டனில் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன்இறுக்கத்தை, ஏற்றினால் சரி. குனிந்து, விரல் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு ஷாக் அப்சார்பரைத் திருகியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

தனியாக, பழகிய ரோட்டில், ஒரே வேகத்தில் போகிறவரா? உங்கள் எடைக்கு ஒழுங்காக செட் செய்த சாதாரண சஸ்பென்ஷனே போதும். என்னைக் கேட்டால், பலர் உணரும் 'வித்தியாசம்' பழைய வண்டியில் எதையுமே செட் செய்யாமல் ஓட்டியதால் வருவது. வாரன்டி முடிந்தபின் ஷாக் கசிந்தால் செலவு கையைக் கடிக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.