ஜெர்மனியில் காடுபோல் வளரும், தொட்டால் எரிச்சல் தரும் பிரென்னெஸல் செடியைக் கீரையாகச் சமைக்கலாமா? அது நம் ஊர்க் காஞ்சோண்டிதானா? மூட்டுவலிக்கு நல்லதா?

தாராளமாகச் சமைக்கலாம். ஆனால் அது நம் ஊர்க் காஞ்சோண்டி அல்ல. இரண்டும் ஒன்றென்று நினைத்து யாரும் ஊரில் வேலியோரம் பறித்துச் சமைத்துவிடக் கூடாது. அதனால் அந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் காஞ்சோண்டி என்றும் தமிழ்நாட்டில் செந்தட்டி, சிறுகாஞ்சொறி என்றும் சொல்லப்படுவது ஆமணக்குக் குடும்பத்துச் செடி. வேலியைச் சுற்றிப் படரும். அதன் சுணைக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகம் ஊசியாக நிற்கிறது. தோலைத் துளைப்பது அதுதான். சித்த மருத்துவர்கள் அதன் வேரை மருந்துக்கு எடுக்கிறார்கள். அது அவர்களுடைய கைப்பக்குவம். நம் அடுக்களைக்கு அந்தச் செடி வேண்டாம்.

பிரென்னெஸலின் குடும்பமே வேறு. நிமிர்ந்து இடுப்பளவு வளரும், ஈரமும் உரமும் உள்ள இடத்தில் ஆள் உயரம்கூடப் போகும். அதன் சுணையின் நுனி சிலிக்காவால் ஆனது, கண்ணாடிபோல் சட்டென்று முறியும். முறிந்ததும் அடியில் உள்ள சிறு பையிலிருந்து ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், செரட்டோனின் கலந்த சாறு தோலுக்குள் இறங்குகிறது. எரிச்சலும் தடிப்பும் அதனால்தான். பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். பட்ட இடத்தைத் தேய்க்காமல் தண்ணீரில் கழுவுங்கள். இங்குள்ளவர்கள் ஷ்பிட்ஸ்வேகெரிஷ் என்ற இலையைக் கசக்கிப் பூசுவார்கள்; ஆறுதலாக இருக்கும், அதைவிடப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

கொதிநீர் பட்டதும் அந்தச் சுணையின் கதை முடிந்துவிடுகிறது. நன்றாகக் காய்ந்தாலும் அப்படியே. சமைத்த பின்னும் தொண்டையில் குத்துமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். இரண்டு நிமிடம் கொதித்த இலையை வெறும் கையால் பிழியலாம், ஒன்றும் செய்யாது.

பறிக்கும் காலம்தான் முக்கியம். மார்ச் கடைசியிலிருந்து மே வரை, பூக்கும் முன், கொழுந்தும் அதன் கீழுள்ள நான்கு ஆறு இலைகளும் மட்டும். பூத்த பிறகு இலையில் சுண்ணாம்புப் படிகங்கள் திரள்கின்றன. வாயில் மணல்போல் நெறுநெறுக்கும், சிறுநீர்ப் பாதைக்கும் நல்லதல்ல என்பார்கள். தடித்த ரப்பர் கையுறை, கத்தரிக்கோல், முழுக்கைச் சட்டை இருந்தால் போதும். பூ வந்த பிறகு இதைப்போலவே தோன்றும் இன்னொரு செடியையும் பார்ப்பீர்கள். அதன் பூ பெரிதாக, வெள்ளையாகவோ ஊதாவாகவோ இருக்கும், இலை சுடாது. அதன் பெயர் டௌப்னெஸல். தவறிக் கலந்துவிட்டாலும் கெடுதியில்லை, அதையும் இங்கே உண்கிறார்கள்.

எங்கே பறிப்பது? இந்தச் செடி நைட்ரஜனும் பாஸ்பேட்டும் மிகுந்த மண்ணைத் தேடிப் போகும். மாட்டுத் தொழுவத்தின் பின்புறம், குப்பைமேடு, ஓடைக்கரை, காட்டோரம். மனிதர்கள் விட்டுப்போன பழைய குடியிருப்புகளில், வீடு மண்ணாகிப் பல தலைமுறை கடந்தும் இது மட்டும் நின்று அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பூச்சிமருந்து தெளிக்கும் வயலோரத்தையும் நாய்கள் நடக்கும் பாதையோரத்தையும் விட்டுவிடுங்கள். சொந்தத் தேவைக்குக் கைப்பிடியளவு பறிக்க இங்குள்ள இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது, பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் மட்டும் கூடாது.

தெற்கு ஜெர்மனியில், அதாவது பாயெர்ன், பாடன்-வூர்ட்டம்பெர்க் பக்கம் இருந்தால் நரி நாடாப்புழுவின் பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். நரியின் எச்சத்தோடு அதன் முட்டை செடியில் ஒட்டியிருக்கலாம். நோய் அரிது, வந்தால் கல்லீரலைத் தாக்கும் கடுமையான நோய். நன்றாகக் கழுவி, கொதிக்கவைத்துச் சமைத்தால் முட்டை செத்துவிடும். வீட்டு ஃப்ரீசரின் குளிரில் சாகாது. அதனால் கொழுந்தைப் பச்சையாக அரைத்துக் குடிக்கும் பழக்கத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இனி அடுக்களை. ஒரு பெரிய பை நிறையப் பறியுங்கள், வெந்தபின் ஒரு கிண்ணம்தான் தேறும். கழுவி, உப்புப் போட்ட கொதிநீரில் இரண்டு நிமிடம் விட்டு, குளிர்ந்த நீரில் போட்டுப் பிழிந்து, பொடியாக அரியுங்கள். எனக்கு மிகப் பிடித்தது வறை. எண்ணெயில் கடுகு, சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அரிந்த இலையைப் போட்டுத் தண்ணீர் வற்றும்வரை கிளறி, துருவிய தேங்காயும் கொஞ்சம் மஞ்சளும் சேர்த்து இறக்க வேண்டும். அடுப்பை அணைத்த பிறகு தேசிக்காய்ப் புளி விடுங்கள். சுவை பசளிக்கும் முருங்கையிலைக்கும் நடுவில் நிற்கும், கசப்பு இல்லை. மைசூர்ப் பருப்போடு பச்சை மிளகாயும் உள்ளியும் போட்டு அவித்து, தேங்காய்ப் பால் விட்டுக் கடைந்தால் அதுவும் அருமை. இலை அவித்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், பருப்பை அதிலேயே வேகவையுங்கள்.

வேகவைத்த 100 கிராமில் சுமார் 480 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பாலில் இருப்பது 120 மில்லிகிராம் அளவுதான். இரும்புச் சத்து மலைபோல் இருப்பதாக எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மையில் 1.6 மில்லிகிராம் அளவே. நல்ல கீரைதான், ஆனால் இரத்தசோகைக்கு டாக்டர் தந்த மாத்திரையை இதை நம்பி நிறுத்தக் கூடாது.

இது ஏழைகளின் உணவாகவும் பண்டிகை உணவாகவும் இருந்திருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய வியாழனன்று இங்கே பச்சிலைச் சூப் வைப்பார்கள், அதில் பிரென்னெஸலும் சேரும். சுவீடனில் இந்தச் சூப்பின் மேல் அவித்த முட்டையை வெட்டி வைக்கிறார்கள். நேபாளத்தில் சிஸ்னு, உத்தரகண்டில் கண்டாலி என்று மலைநாட்டு வீடுகளில் இதே இனக் கீரை கொதிக்கிறது. முதல் உலகப் போரில் பருத்தி வரத்து தடைபட்டபோது ஜெர்மானியர்கள் இதன் நாரில் துணி நெய்தார்கள். 1945க்குப் பின் வந்த பசிக் காலத்தில் சுவரோரம் முளைத்ததைப் பறித்து உண்டார்கள். பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த யாழ்ப்பாணத்தாருக்கு அந்தப் பசியை விளக்கத் தேவையில்லை. அந்தத் தலைமுறையின் ஜெர்மானியப் பாட்டிகளிடம் இந்தக் கீரையைப் பற்றிக் கேளுங்கள், எந்தப் புத்தகத்தையும்விட அதிகம் சொல்வார்கள்.

மூட்டுவலி விஷயம். கடைகளில் விற்கும் இலைத் தேநீரையும் வேர் மாத்திரையையும் ஐரோப்பிய மருந்து முகமை, நீண்டகாலப் பயன்பாட்டின் அடிப்படையில் பாரம்பரிய மூலிகை மருந்தாக வகைப்படுத்தியிருக்கிறது. இலை, இலேசான மூட்டு வலிக்கும் சிறுநீர் நன்றாகப் போவதற்கும். வேர் வயதான ஆண்களின் புரோஸ்டேட் வீக்கத்தால் வரும் சிறுநீர்த் தொல்லைக்கு. வேர் அந்தத் தொல்லையைக் கொஞ்சம் குறைக்கலாம், வீக்கத்தைக் குறைப்பதில்லை. எனவே முதலில் டாக்டர் பார்க்க வேண்டும். வலிக்கும் இடத்தில் பச்சை இலையின் சுணையைப் படவைத்து எரியவிடும் பழைய வைத்தியமும் உண்டு. இங்கிலாந்தில் கைப் பெருவிரல் அல்லது சுட்டுவிரல் அடிமூட்டு வலியுள்ள 27 பேரிடம் அதைச் சோதித்து 2000இல் வெளியிட்டார்கள், சுடாத டௌப்னெஸல் இலையைவிட வலி குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் மிகச் சிறிய ஆய்வு. முடி வளரும் என்று எழுதிய பிரென்னெஸல் ஷாம்புக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

உங்கள் வீட்டில் யாராவது இரத்தம் உறையாமல் தடுக்கும் மார்க்குமார் அல்லது வார்ஃபரின் மாத்திரை எடுத்தால் கவனம் தேவை. இந்தக் கீரையில் வைட்டமின் கே மிக அதிகம், மருந்தின் வேலையைக் குலைக்கும். டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாகி உடலில் நீர் கோத்தவர்களுக்கு அந்தத் தேநீர் வேண்டாம். கர்ப்பிணிகளும் தேநீரையும் மாத்திரையையும் தவிர்ப்பது நல்லது.

ஜூனில் எல்லாம் பூத்துவிட்டால் வருந்த வேண்டாம். ஒரு பகுதியை அடியோடு வெட்டிவிடுங்கள், சில வாரங்களில் புதுக் கொழுந்து வரும், கோடை முடிவிலும் வறை வைக்கலாம். வெட்டும் முன் இலைகளைப் பாருங்கள். கறுப்புக் கம்பளிப்புழுக்கள் கூட்டமாக இருந்தால் அவை மயிற்கண் வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுகள். இந்தச் செடிதான் அவற்றின் தீனி. அந்தப் பக்கத்தை விட்டு வேறு பக்கம் வெட்டுங்கள்.