தாத்தாவின் கறுப்புப் பூனை: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தாத்தாவின் பட்டாளத்துப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது அடியில் ஒரு துணி பேட்ச் கிடைத்தது. மங்கிய மஞ்சள் துணியில் கறுப்புப் பூனை, வேறு எழுத்து எதுவும் இல்லை. தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர், அது அப்போதையது என்கிறார் அத்தை. இல்லை, 1961-இல் கோவாவுக்குப் போனபோது வாங்கியது என்கிறார் சித்தப்பா. யார் சொல்வது சரி? (எஸ்., வேலூர்)

பதில்: வம்பே இதில்தான் இருக்கிறது, ஏனென்றால் பூனையை மட்டும் பார்த்தால் இரண்டு பேரும் சரி. கறுப்புப் பூனை 17-வது இந்திய டிவிஷனின் சின்னம் (டிவிஷன் என்பது பல பிரிவுகள் சேர்ந்த பெரிய படையணி). இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் அடிபட்டுப் பின்வாங்கி, இம்பாலில் தாக்குப்பிடித்து, 1945 மார்ச்சில் மெய்க்டிலாவைப் பிடித்த டிவிஷன் அது. போருக்குப் பிறகு கலைக்கப்பட்ட அதே எண்ணை 1960-இல் திரும்ப எழுப்பினார்கள், பூனையும் கூடவே வந்தது, அடுத்த ஆண்டு டிசம்பரில் ஜெனரல் கண்டேத் தலைமையில் கோவாவுக்குள் நுழைந்ததும் அந்த டிவிஷன்தான். இது பூனைக்கு மட்டும் உள்ள கதை இல்லை. 4-வது டிவிஷனின் சிவப்புக் கழுகு, 25-வதின் சீட்டுக்கட்டு ஸ்பேடு ஏஸ், 19-வதின் குத்துவாள் எல்லாமே வெள்ளைக்காரன் காலத்தில் பிறந்து இன்றைக்கும் நம் ராணுவத்தில் ஓடிக்கொண்டிருப்பவை. ஆக, படம் எந்தப் படை என்று சொல்லும், எந்த வருஷம் என்று சொல்லாது. வருஷத்துக்குத் துணியையும் நூலையும்தான் கேட்க வேண்டும்.

பேட்சைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். முன்பக்கத்தைப் பார்த்தே தீர்ப்பு சொல்பவர்களை நான் நம்புவதில்லை. போர்க்காலத்தில் இந்தச் சின்னங்களில் பெரும் பங்கு இங்கேயே கடைத்தெருத் தையல்காரர்களிடம் செய்யப்பட்டவை, அதனால் ஒரு பூனை போல இன்னொரு பூனை இருக்காது, ஒன்று கொழுத்திருக்கும், இன்னொன்று நரி போல இருக்கும், அதை வைத்துப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். கம்பளித் துணியை வெட்டி ஒட்டுத்தையல் போட்டிருக்கலாம், பருத்தித் துணியில் கையால் எம்பிராய்டரி செய்திருக்கலாம், அச்சடித்ததாகவும் இருக்கலாம். பின்னால் ஏற்கெனவே பிரிந்து தொங்கும் நூல் இருந்தால் அதில் சின்னத் துண்டு மட்டும் நறுக்கி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானால் பருத்தி, முடி கருகுகிற நாற்றம் வந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான உருண்டையாகச் சுருண்டால் பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை. பாலியெஸ்டர் கடைக்கு வந்ததே 1950-களில்தான், ஆக அது பர்மாவுக்குப் போன பேட்ச் இல்லை, சித்தப்பா ஜெயித்தார். பருத்தியாக இருந்தால் மட்டும் அத்தை உடனே கொண்டாட முடியாது. 1961-லும் பருத்தி நூலில் தைத்திருக்கலாம் அல்லவா?

அப்படியானால் பேட்சை விட்டுவிட்டு மெடல்களைத் தேடுங்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் கொடுத்த உலகப் போர் மெடல்களில் பெயர் வெட்டித் தரவில்லை, இந்தியச் சிப்பாய்க்குத் தந்தவற்றில் வெட்டியிருக்கிறார்கள். நட்சத்திர வடிவ மெடலாக இருந்தால் பின்பக்கம், வட்டமாக இருந்தால் விளிம்பு. அங்கே பட்டாள எண், பெயர், எந்தப் பிரிவு என்பதன் சுருக்கெழுத்து எல்லாம் இருக்கும். பூனை டிவிஷனைத்தான் சொல்லும், தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையா, லாரி ஓட்டிய சப்ளை பிரிவா என்பது இந்தச் சுருக்கெழுத்தில் தெரியும். பர்மா ஸ்டார் இருந்தால் அத்தை பக்கம், ‘கோவா 1961’ என்ற பட்டையோடு பொதுச் சேவை மெடல் இருந்தால் சித்தப்பா பக்கம். 1943 வாக்கில் சேர்ந்து பதினெட்டு வருஷம் நீடித்தவர் என்றால் இரண்டுமே இருக்கும், அப்போது சண்டையை நீங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும்.

கேள்வி: சென்னையில் பழைய பொருள் விற்பவரிடம் அமெரிக்க ராணுவப் பேட்ச் ஒன்று வாங்கினேன். கேடய வடிவம், கீழே சிவப்பு வெள்ளைக் கோடுகள், மேலே நீலத்தில் ஒரு சூரியன், ஒரு நட்சத்திரம். 1943-இல் கல்கத்தாவில் செய்தது என்று சொன்னார். ஓரம் முழுக்கத் தடிமனாக, கயிறு வைத்தது போல அழகாக இருக்கிறது. அசல்தானே? (ஆர்., தாம்பரம்)

பதில்: சின்னம் சரி. சீனா-பர்மா-இந்தியா களத்தில் இருந்த அமெரிக்கர்கள் அணிந்தது, சூரியன் சீனத் தேசியக் கட்சியினுடையது, நட்சத்திரம் இந்தியாவுக்கு. கல்கத்தாவிலும் டெல்லியிலும் நம் ஆட்கள் இதை ஜரிகையில், தோலில் எல்லாம் செய்துகொடுத்ததும் உண்மை.

ஆனால் நீங்கள் மெச்சுகிற அந்த ஓரம்தான் உதைக்கிறது. ஓவர்லாக் போட்டது போல விளிம்பைச் சுற்றி வளைத்துத் தைக்கும் இந்த வேலை அமெரிக்க பேட்சுகளில் பரவியது 1960-களில். போர்க்கால பேட்ச் மெஷினில் நெய்து ஓரத்தோடு வெட்டியது, விளிம்பு தட்டையாக, சில இடங்களில் பிசிறடித்து இருக்கும். இருட்டறையில் நோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச்சை அடித்தும் பாருங்கள், வெள்ளை நூல் நீலமாகப் பளிச்சென்று மின்னினால் சந்தேகம் இன்னும் கூடும். (இந்தக் காலத்துச் சோப்புத் தூளில் துவைத்த பழைய பருத்தியும் மின்னும், அதனால் டார்ச்சை மட்டும் வைத்து யாரையும் திருடன் ஆக்காதீர்கள்.) உங்கள் விஷயத்தில் ஓரமே போதும். பிற்காலத்தில் செய்த நகல், முடிந்தால் காசைத் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: என்னிடம் ஒரு பேட்ச் இருக்கிறது. சிவப்புக் கேடயத்தில் கீழ்நோக்கிய வாள், கைப்பிடியில் ரோமன் எண் 14. துவைத்து இஸ்திரி போட்டு ஃபிரேம் செய்யலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: ஐயோ, துவைக்காதீர்கள், சிவப்புச் சாயம் வெள்ளை வாளில் இறங்கிவிடும். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் சண்டையிட்ட ஜெனரல் ஸ்லிம்மின் 14-வது ராணுவத்தின் சின்னம் இது. 1943 இறுதியில் உருவாகி 1945-லேயே முடிந்துபோன படை என்பதால் காலம் கணிக்க இவ்வளவு சுலபமான சின்னம் வேறு அமையாது, நகலாக மட்டும் இல்லாமல் இருந்தால். மெல்லிய பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள். பசை, லேமினேஷன், இஸ்திரி மூன்றும் வேண்டாம். ஃபிரேம் போடுவதானால் கண்ணாடி துணியில் படாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள், வெயில் விழாத சுவரில் மாட்டுங்கள். பின்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்பினால் அடுத்த இதழில் சொல்கிறேன்.