திங்கட்கிழமை வந்த மீன்

ஒரு மாணவி அனுப்பிய கேள்வி இதுதான்: முதுகலையில் உடன் படிக்கும் தோழி, பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் அறுபது பெண்களிடம் கேள்விப் படிவம் நிரப்பி வர வேண்டும். பத்துப் பேரைப் பார்த்தாள். மீதி ஐம்பதை ஹாஸ்டலில் உட்கார்ந்து தானே நிரப்பிவிட்டாள். ஒப்படைக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வழிகாட்டியிடம் சொன்னால் காட்டிக்கொடுத்தவள் ஆவேனா, சொல்லாவிட்டால் நானும் கூட்டுக் களவாணியா?

நான் தங்கச்சிமடத்துக்காரி. இதே இடத்தில் நின்றவள், சொல்லாமல் இருந்தவள். சொல்லாமல் இருந்ததோடு நிற்கவில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2014, எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி செமஸ்டர். எனக்கு ஓலைக்கால் நண்டு, என் வகுப்புத் தோழிக்குக் காரல் மீன். நீளத்துக்கும் எடைக்கும் என்ன தொடர்பு என்று பார்க்கும் ப்ராஜெக்ட். ஸ்கேலில் வைத்து அளந்து, தராசில் நிறுத்து, நாலு மாதம் வாராவாரம் எழுதி, கடைசியில் கணக்குப் போட வேண்டும். பெரிய செலவில்லாத தலைப்பு. அவள் கமுதிப் பக்கம், மிளகாய் போடும் வீட்டுப் பெண். காரலுக்கும் சூடைக்கும் வித்தியாசம் காட்டிக் கொடுத்தது எங்கள் அம்மாதான். டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் தங்கி, விடியுமுன் என்னோடு இறங்குதளத்துக்கு வந்தாள். குளிரில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஏலக்காரரிடம் "அண்ணே, ஒரு கூறு மட்டும்" என்று கெஞ்சி வாங்குவாள். நன்றாகத்தான் செய்தாள். பிப்ரவரியில் அவள் அம்மா படுத்த படுக்கையானார். வருவது குறைந்தது, பிறகு நின்றது.

மார்ச்சில் நோட்டைக் கொண்டுவந்து, "டைப் பண்ணிக் குடுடி" என்றாள். லேப்டாப் என்னிடம்தான் இருந்தது. பிப்ரவரிப் பக்கங்கள் நிறைந்திருந்தன. சரி, எப்போதோ வந்து எடுத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன், தேதிகளைப் பார்க்கும் வரை. மூன்று வாரம், மூன்றும் திங்கட்கிழமை, மூன்றும் விசைப்படகு மீன்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. வலைகள் அறுபட்டு இரண்டு தரப்பும் மோதிக்கொண்டதால் வந்த ஏற்பாடு. மீன்துறை டோக்கன் வாங்கித்தான் விசைப்படகு கிளம்ப முடியும். திங்கள் போன படகு செவ்வாய் காலைதான் கரைக்கு வரும். திங்கட்கிழமை காலையில் விசைப்படகுக் காரல் கிடையாது. எங்கள் தெருப் பூனைகளுக்கே இந்தக் கணக்கு தெரியும்.

நோட்டையும் புரட்டினேன். என் நோட்டு ஈரத்தில் உப்பி, பக்கத்துக்குப் பக்கம் நண்டு நாற்றம். அவள் நோட்டிலும் ஜனவரி வரை செதில் ஒட்டியிருந்தது. பிப்ரவரியில் ஒரு கறை இல்லை.

"ஏன்டி, திங்கக்கெழம ஒனக்கு யாருடி காரல் குடுத்தா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப எந்தக் கெழமன்னு போடணும்?" என்றாள்.

செவ்வாய் என்றேன். மூன்று தேதியையும் நானே மாற்றி அடித்தேன்.

ஏன் மாற்றினேன் என்று யாராவது கேட்டால், அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பல வருடம் சொல்லிவந்தேன். அது உண்மைதான். ஆனால் அந்த நிமிடம் அவள் அம்மா என் நினைப்பிலேயே இல்லை. எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை என்ற பெருமைதான் இருந்தது. அவள் பொய் கரையிலேயே தரை தட்டியிருக்க வேண்டியது. ஓட்டையை அடைத்து மிதக்கவிட்டது நான்.

அந்த வருடம் துறையில் சிறந்த ப்ராஜெக்ட் அவளுடையது. வரைபடத்தில் புள்ளிகள் கோட்டை ஒட்டி அழகாக வரிசை கட்டியிருந்தன. என் நண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. வயிறு எரிந்தது, மறைக்க ஒன்றுமில்லை. அன்று ராத்திரிதான் முதன்முதலாக சாரிடம் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொன்னால் பரிசு கிடைக்காத எரிச்சல் என்பார்கள், அது பொய்யும் இல்லை. தேதி மாற்றியது யார் என்று கேட்டால் என்ன சொல்வேன்? வாயை மூடிக்கொண்டேன்.

உங்களுக்கு நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது. மார்ச்சில், டைப் அடிக்கும்போது சொல்லியிருந்தால் யாருக்கும் லாபமும் இல்லை, பெரிய நட்டமும் இல்லை. பரிசு வந்த பிறகு அதே உண்மை பொறாமை ஆகிவிட்டது. உங்கள் கையில் இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மதிப்பெண் வரவில்லை, யாரும் யாரையும் முந்தவில்லை. இப்படி ஒரு நேரம் திரும்ப வராது.

அடுத்த வருடம் ஜூனியர் பெண் ஒருத்தி அதே காரலை எடுத்தாள். மாதிரிக்கு என் தோழியின் ப்ராஜெக்டைத்தான் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். நான் ஊரில் இருப்பது தெரிந்து ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, பிப்ரவரியில எனக்கு மட்டும் சின்ன மீனாவே வருது. நான் ஏதோ தப்பா அளக்குறேன் போல" என்றாள். ஏலத்தில் பெரிய மீனாகப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்திருந்தாள். பழைய ப்ராஜெக்டோடு ஒத்துப்போக வேண்டுமாம். ஒழுங்காக அளந்தவள், அளக்காதவளைப் பார்த்துத் தன் கண்ணைச் சந்தேகப்பட்டாள்.

"ஒன் நோட்ட நம்புத்தா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அன்று சாயங்காலமே தோழிக்குப் போன் போட்டு, சாரிடம் சொல்லப் போகிறேன் என்றேன். "நீதானடி செவ்வாய்னு சொன்ன" என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை பேசவில்லை. மறுநாள் சாரிடம் இரண்டு பேர் பங்கையும் சேர்த்தே சொன்னேன். அவர் ரொம்ப நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னும் ஒரு மாசம் டைம் குடுத்திருப்பேனேம்மா" என்றார். அலமாரியிலிருந்து அந்தப் பிரதியை எடுத்துத் தன் அறையில் வைத்துக்கொண்டார். வேறு நடவடிக்கை ஒன்றும் இல்லை. அது சரியா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

காட்டிக்கொடுப்பது என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் ஊரில் அதைவிடக் கேவலமான பட்டம் இல்லை, எட்டப்பன் வரை இழுத்துவிடுவார்கள். ஆனால் கடற்கரையில் அந்தச் சொல்லுக்கு ஓர் அளவு உண்டு. தடை செய்த இரட்டைமடி வலையை யாராவது இழுத்தால், அப்பா சங்கக் கூட்டத்தில் எழுந்து, ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே பேரைச் சொல்லிக் கேட்பார். அதை யாரும் காட்டிக்கொடுப்பது என்று சொன்னதில்லை. சண்டை வரும், பேச்சுவார்த்தை நிற்கும், ஆனால் அந்தப் பட்டம் வராது. ஆளுக்குத் தெரியாமல் அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டு, சாயங்காலம் அவனோடு டீ குடிப்பவனுக்குத்தான் அந்தப் பெயர். அதனால் முதலில் தோழியிடம் பேசுங்கள். மொட்டைக் கடிதாசி மட்டும் வேண்டாம். எழுதியது யார் என்று வகுப்பே தேடும், கடைசியில் வாய் பேசாத ஏதோ ஒரு பிள்ளை தலையில் பழி விழும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஜாடை பேசுவதும் இதே ரகம்தான்.

பொறாமையைப் பற்றி நான் பயந்தது பாதி தப்பு என்று 2020-ல் புரிந்தது. 2019 செப்டம்பர் 1-ல் நடந்த குரூப் 4 தேர்வு நினைவிருக்கும். ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் தரவரிசையின் உச்சியில் கொத்தாக நின்றார்கள். மறைந்துபோகும் மையால் குறித்துவிட்டு வந்து, விடைத்தாள் போகும் வழியில் தரகர்களை வைத்துச் சரியான விடையைப் போட்டுக்கொண்டது வெளியே வந்தது. 2020 ஜனவரியில் 99 பேருக்குத் தேர்வாணையம் வாழ்நாள் தடை விதித்தது. சந்தேகம் கிளப்பியவர்களில் கூடவே தேர்வு எழுதி ரேங்க் போனவர்களும் இருந்தார்கள். வயிறு எரிந்துதான் கேட்டிருப்பார்கள். எரிந்தால் என்ன, கேட்டது சரிதானே. என் சித்தி மகன் அதே கீழக்கரை மையத்தில் நேர்மையாக எழுதித் தோற்றவன். அவனிடமே "நீ எவ்வளவு குடுத்த?" என்று கேட்டார்கள். தோற்றதற்கும் காசு கொடுத்திருப்பான் என்று நினைத்தார்கள் போல.

"அவள் ப்ராஜெக்ட் மென்பொருளில் எட்டு சதவீதம்தான் காட்டியது, அப்படியென்றால் பிரச்சினை இல்லைதானே?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த எண் வேறு விஷயம், அடுத்தவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டுவது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, மாணவர் ஆய்வேட்டில் மற்றவர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை கிடையாது. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஒரு வருடம் ஒப்படைக்க முடியாது. அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. இதெல்லாம் அடுத்தவர் எழுதியதை எடுத்துப் போடுவதற்கு. உங்கள் தோழி யாரிடமிருந்தும் எடுக்கவில்லை, எல்லாம் சொந்தக் கற்பனை. கற்பனைக்கு மென்பொருள் நல்ல மதிப்பெண்தான் கொடுக்கும். அந்த விதிமுறையில் ஒன்று மட்டும் உங்களுக்கு உதவும்: சந்தேகப்படுபவர் தகுந்த ஆதாரத்தோடு துறைக் குழுவிடம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் விவகாரம் வேறு வகை என்றாலும் ஆதாரம் இதற்கும் வேண்டும். நீங்கள் கண்ணால் பார்த்தது எது, ஊகிப்பது எது என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது படிவமும் ஒரே பேனா, ஒரே கையெழுத்துச் சாய்வு என்றால் அது பார்த்தது. அவள் சோம்பேறி என்பது ஊகம்.

ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதை எல்லாம் நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். நான் இப்போது பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். தவளையை ஒருத்தி வரைய முப்பது பேர் அதைப் பார்த்து வரைவதை வருடாவருடம் பார்க்கிறேன். திட்டுவேன், அவ்வளவுதான். அந்தத் தவளை நோட்டை விட்டு எங்கும் போகாது.

உங்கள் தோழியின் படிவம் அப்படி இல்லை. அது சின்னப்பாலத்துப் பெண்களைப் பற்றியது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அங்கே போய்ப் பாசி எடுப்பது வனத்துறைக்குக் குற்றம், அந்தப் பெண்களுக்குப் பாட்டி காலத்துத் தொழில். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறையில் கால் கிழிய, மூழ்கி மூழ்கி எடுப்பது. எந்தத் தீவுக்குப் போகிறீர்கள், மாதம் எத்தனை நாள், என்ன கிடைக்கும் என்ற கேள்விகளுக்கு அவர்கள் யோசித்துத்தான் வாய் திறப்பார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. அந்த இடத்தில் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து "மாத வருமானம்" என்ற கட்டத்தில் ஒரு எண்ணைப் போட்டால், நாளைக்கு யாரோ அதைப் பார்த்து, "நல்லாத்தானே சம்பாதிக்கிறாங்க" என்று ஒரு அறிக்கையில் எழுதுவார். நான் மாற்றிய மூன்று தேதி ஒரு ஜூனியரைத்தான் குழப்பியது. இது வீடுகளைத் தொடும்.

அதனால் கேள்விக்கு நேராகப் பதில்: ஆம், சொல்லுங்கள். அவளிடம் முதலில் சொல்லுங்கள், நாள் குறித்துச் சொல்லுங்கள். "வெள்ளிக்கிழமைக்குள் நீயே சாரிடம் போய்ப் பத்துப் படிவம்தான் இருக்கிறது என்று சொல்லிவிடு, இல்லையென்றால் திங்கட்கிழமை நான் போவேன்." போகாவிட்டால் போய்விடுங்கள். அழுவாள், குடும்பக் கஷ்டம் சொல்வாள், அது உண்மையாகவும் இருக்கும். வழிகாட்டிக்கும் அந்தக் கஷ்டம் தெரியட்டும், கால அவகாசம் கொடுக்க முடிந்தவர் அவர்தான். அறுபது வேண்டாம், முப்பது போதும் என்று அவர் சொல்லவும் கூடும். முப்பது பேரிடம் உண்மையாகக் கேட்டதை முப்பது என்றே எழுதினால் அது நல்ல ப்ராஜெக்ட்தான். வழிகாட்டியே "நிரப்பிக்கோம்மா, யாரு பார்க்கப் போறா" என்று சொன்ன ஆளாக இருந்தால், துறைத் தலைவரிடம் போக வேண்டியிருக்கும். தனியாகப் போகாதீர்கள்.

அவள் எதைத் திருத்த வேண்டும் என்று கேட்டால், நான் செய்ததை மட்டும் செய்துவிடாதீர்கள். கிழமை சொல்லிக் கொடுக்காதீர்கள்.

மூன்று வாரம் போதுமா என்றால், போதும். அந்தப் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் தீவுக்குப் போவார்கள், மாதத்தில் பன்னிரண்டு நாள் போல. மற்ற நாளில் வீட்டில்தான் இருப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பேர் சொல்லிக் கேட்டால் பேச்சு தானாக வரும். படிவத்தை உடனே எடுக்காதீர்கள், முதலில் உட்காருங்கள். காலண்டரைப் பார்த்து நாளைக் குறித்துக்கொண்டு, நீங்களும் அவளோடு போங்கள்.