பூச்சிக்குத் தியாகிப் பட்டம்

வணக்கம். பாறையில் படரும் பாசியைத் தின்னும் ஒரு சிறு அந்துப்பூச்சியைப் பற்றி வாசித்தேன். பெண்ணுக்கு இறக்கை கிடையாதாம். புழுவாக இருந்தபோது கட்டிய கூட்டிலேயே முட்டையிட்டுச் செத்துவிடுமாம். தாய்மையின் தியாகம் என்று பள்ளி விழாவில் பேசப்போகிறேன். நம் வீட்டுச் சுவரில் கூட்டோடு ஊர்வதும் இதுதானா?
ர., பென்னாகரம்

அன்புள்ள ர.,

சுவரில் ஊர்வது வேறு குடும்பம். அதன் கூடு தட்டையானது, இரண்டு முனையிலும் வாய் உண்டு. ஒட்டடை, முடி எல்லாம் தின்னும். அது கிடக்கட்டும்.

நீங்கள் வாசித்தது ஐரோப்பாவின் லஃபியாவாகத்தான் இருக்கும். அது தின்னும் பாசி, நாம் பிரியாணிக்குப் போடும் கல்பாசிக்கு உறவு. முட்டையிலிருந்து வந்ததும் புழு முதல் வேலையாகப் பட்டிழையால் தன்னைச் சுற்றி ஒரு கூம்பு கட்டிக்கொள்ளும். அதன்மேல் மணல் துகளும் பாசித் துணுக்கும் ஒட்டும். உடம்பு வளர வளர வாய்ப்பக்கம் இழை சேர்த்துக் கூட்டை நீட்டும். முழுசாக வளர்ந்தாலும் கூடு அரை சென்டிமீட்டர் சொச்சம்தான். தலையையும் முன்கால்களையும் மட்டும் வெளியே நீட்டி, கூட்டை இழுத்துக்கொண்டே மேயும்.

அப்புறம் நீங்கள் தவறவிட்ட இடம். லஃபியாவின் பெண் கூட்டைவிட்டு வெளியே வருகிறது. கூட்டின்மேலேயே கால் ஊன்றி நின்று, பின்புறக் குழாயை உள்ளே விட்டு முட்டை வைக்கிறது. லஃபியாவிலேயே ஃபெர்ச்சால்டெல்லா என்ற வகையில் ஆணே இல்லை. தாய் பெண், மகள் பெண், பேத்தியும் பெண். வளர்ந்த பூச்சி எதையும் தின்பதில்லை, சில நாளில் சாகிறது. இதில் தியாகம் எங்கே வந்தது?

நீங்கள் தர்மபுரிக்காரர் என்பதால்தான் கோபம் வருகிறது. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் நம் மாவட்டத்துக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. என் அத்தைக்கு வரிசையாக நாலும் பெண். நாலாவது பிறந்தபோது மாமியார் குழந்தை முகத்தைக்கூடப் பார்க்காமல் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். அத்தை செத்த அன்று அதே வீட்டார் ‘பூமாதேவி மாதிரி பொறுமை’ என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். இருந்தபோது ஒரு வாய் சூடான சோறு போட்டதில்லை. புகழ்ந்து புகழ்ந்தே பெண்ணை மூலையில் உட்கார வைக்க நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? அதற்குப் பூச்சியையும் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். பூச்சிமேல் ஆசையுள்ள ஆசிரியர் கிடைப்பதே அரிது. விழாவில் கட்டாயம் பேசுங்கள். ஆணில்லாமல் பிள்ளை பெறுகிறது என்றதும் பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எப்படி சார் என்று ஒரு பெண் எழுந்து கேட்டால் மட்டும் மழுப்பாமல், முட்டை கருவுறாமலே வளரும் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.